எரிகுழிப் புகையும் முன்னாள் படைவீரர் இழப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்து இராக், ஆப்கானிஸ்தான், குவைத் போன்ற இடங்களில் பணியாற்றித் திரும்பியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இந்தப் பக்கம். இவர்களில் தமிழர்களும் உண்டு. 2008இல் தொடங்கிய மாவ்னி என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழிகளில் ஒன்றாகத் தமிழும் இருந்தது. அதன் வழியே குடியுரிமை பெற்றுச் சீருடை அணிந்தவர்கள் இருக்கிறார்கள். ராணுவத் தளங்களில் ஒப்பந்தத் தொழிலாளிகளாக வேலை பார்த்தவர்களுக்கு வழி வேறு. அதைக் கடைசியில் சொல்லியிருக்கிறோம்.

எரிகுழி என்பது என்ன?

தளத்தின் குப்பையையெல்லாம் திறந்தவெளியில் பெரிய பள்ளத்தில் கொட்டி எரிப்பது. ஊரில் தெருமுனையில் குப்பை கொளுத்துவார்களே, அதைப் பல ஏக்கருக்கு நினைத்துப் பாருங்கள். இராக்கின் பலாத் தளத்தில் இருந்த குழி சுமார் 10 ஏக்கர். பிளாஸ்டிக், தெர்மோகோல், டயர், பேட்டரி, பெயின்ட், மின்னணுச் சாதனங்கள், மருத்துவக் கழிவு, மனிதக் கழிவு எல்லாம் அதற்குள் போயின. எளிதில் பற்றிக்கொள்ள ஜேபி-8 என்ற விமான எரிபொருளை ஊற்றினார்கள். இரவும் பகலும் எரிந்தது. காற்று திரும்பினால் கூடாரத்துக்குள்ளேயே கரும்புகை வரும். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

எரிகுழி மட்டும்தான் என்றும் இல்லை. 1991இல் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் மாதக்கணக்கில் எரிந்தன. 2003 ஜூனில் மொசூல் அருகே அல்-மிஷ்ராக் கந்தக ஆலையில் பிடித்த தீ கந்தக டைஆக்சைடைக் கக்கியது. இவற்றின் அருகே இருந்தவர்களுக்கும் இங்கே சொல்வது பொருந்தும்.

பாக்ட் சட்டம் எதை மாற்றியது?

இழப்பீடு வாங்க, முன்பு மூன்றையும் நீங்களே நிரூபிக்க வேண்டும்: நோய் இருக்கிறது, பணியின்போது புகைக்கு ஆளானேன், அந்தப் புகைதான் இந்த நோய்க்குக் காரணம். மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் விழுந்தார்கள். எந்த நாள் எந்தக் குழியில் என்ன எரிந்தது என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. 2007 முதல் 2020 வரை எரிகுழி தொடர்பாக வந்த சுமார் 12,500 மனுக்களில் 2,800 அளவுக்கே ஏற்கப்பட்டதாக முன்னாள் படைவீரர் நலத்துறையே, அதாவது வி.ஏ.வே, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுவிடம் சொன்னது.

2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பாக்ட் சட்டம் அந்த மூன்றாவது சுமையை இறக்கி வைத்தது. இராக்கில் பணியாற்றி, நுரையீரல் புற்றுநோயால் 2020இல் இறந்த ஒஹாயோ தேசியக் காவல்படை வீரர் ஹீத் ராபின்சனின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. குறிப்பிட்ட நாட்டில், குறிப்பிட்ட காலத்தில் நீங்கள் இருந்து, பட்டியலில் உள்ள நோய் உங்களுக்கு வந்திருந்தால், புகைதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இதைத்தான் அனுமான இணைப்பு என்கிறோம்.

ஆனால் மற்ற இரண்டு சுமைகளும் இன்னும் உங்கள் தோளில்தான் இருக்கின்றன. அங்கே இருந்ததற்குக் காகிதம் வேண்டும். நோய்க்கு மருத்துவர் வைத்த பெயர் வேண்டும். இன்று நிராகரிக்கப்படுகிற மனுக்களை எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் இருப்பதைத்தான் அடிக்கடி காண்கிறோம்.

எந்த நாடுகள், எந்தத் தேதியிலிருந்து?

இரண்டு பட்டியல். 1990 ஆகஸ்ட் 2 அன்றோ அதற்குப் பிறகோ: இராக், குவைத், சவூதி அரேபியா, பஹ்ரைன், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், சோமாலியா. 2001 செப்டம்பர் 11 அன்றோ அதற்குப் பிறகோ: ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், சிரியா, ஜோர்டான், லெபனான், எகிப்து, ஏமன், ஜிபூட்டி. இந்த நாடுகளின் வான்வெளியில் பறந்து பணியாற்றியவர்களுக்கும் இது பொருந்தும்.

இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. குழிக்குப் பக்கத்தில் வேலை பார்த்தேன் என்று காட்டவும் தேவையில்லை. கத்தாரில் அலுவலகத்தில் கணினி பார்த்தவருக்கும் பலாத்தில் குப்பை லாரி ஓட்டியவருக்கும் ஒரே விதி.

எந்த நோய்கள்?

மூச்சு தொடர்பானவை: பணி முடிந்தபின் கண்டறியப்பட்ட ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், எம்பைசீமா, தீராத சைனஸ், தீராத மூக்கழற்சி, நுரையீரல் தழும்பு நோய், இன்டர்ஸ்டிஷியல் நுரையீரல் நோய், சார்கோய்டோசிஸ், பிளூரா அழற்சி, கிரானுலோமா நோய், பிராங்கியோலைட்டிஸ் எனப்படும் நுண்குழல் அடைப்பு.

புற்றுநோய்கள்: மூளை, தலை, கழுத்து, மூச்சு மண்டலம், இரைப்பை-குடல் பாதையின் எந்தப் பகுதியும், கணையம், சிறுநீரகம், இனப்பெருக்க உறுப்புகள், லிம்போமா, மெலனோமா. 2025 ஜனவரியில் ரத்தப் புற்றுநோய், மல்டிபிள் மைலோமா, மைலோடிஸ்பிளாஸ்டிக் கோளாறு, மைலோஃபைப்ரோசிஸ், சிறுநீர்ப்பை மற்றும் சிறுநீர்க் குழாய்ப் புற்றுநோய்களையும் சேர்த்தார்கள். பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் "உங்கள் நோய் இதில் இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தால் அதை இன்றைக்கும் உண்மை என்று நம்பி உட்காராதீர்கள்.

ஆஸ்துமா விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன வயதிலேயே இளைப்பு இருந்தது என்று படையில் சேரும்போதே எழுதியிருந்தால் அனுமானம் பொருந்தாது. பணியால் அது மோசமடைந்தது என்று தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

"எரிகுழிப் புகைக்கு ஆளானேன்" என்று மனுவில் எழுதினால் போதாதா?

போதாது. மறுபடி மறுபடி நடக்கும் தவறு இதுதான். புகைக்கு ஆளானது ஒரு நிகழ்வு, அது நோயல்ல. "எரிகுழி பாதிப்பு" என்றோ "மூச்சுப் பிரச்சினை" என்றோ எழுதினால், எதற்குச் சதவீதம் (மாதப் பணத்தை முடிவு செய்யும் பாதிப்பின் அளவு) போடுவது என்று அதிகாரிக்குத் தெரியாது. நோய் எதுவும் கண்டறியப்படவில்லை என்று தள்ளிவிடுவார்.

நோயின் பெயரை, ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். "தீராத சைனஸ், எரிகுழிப் புகையால், இராக்." அடுத்த வரியில் "தீராத மூக்கழற்சி, எரிகுழிப் புகையால், இராக்." அடுத்த வரியில் "ஆஸ்துமா". மூன்றும் மூக்கிலும் நெஞ்சிலும்தானே இருக்கிறது என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். மூன்றுக்கும் தனித்தனிச் சதவீதம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் சோதனையும் நார்மல். என்ன செய்வது?

இந்த நிலையில் இருப்பவர்கள் மனம் நொந்துபோகிறார்கள். "எல்லாம் உங்கள் மனசுதான்" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் பலர். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: நுண்குழல் அடைப்பு நோய் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சு வாங்குவதாகச் சொன்ன 80 படைவீரர்களை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் பார்த்தார்கள். காரணம் பிடிபடாத 49 பேருக்கு அறுவை மூலம் நுரையீரல் பயாப்ஸி எடுத்தபோது, 38 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பலர் மொசூல் கந்தகத் தீயின் அருகில் இருந்தவர்கள்.

அதற்காக உடனே பயாப்ஸிக்கு ஓட வேண்டியதில்லை. அது சிறிய அறுவை அல்ல. முதலில் நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் போய் முழு நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை (வாயு கடத்தும் திறனான டிஎல்சிஓவும் சேர்த்து), மூச்சை உள்ளிழுத்தும் வெளிவிட்டும் எடுக்கும் நுண் சிடி ஸ்கேன், மூச்சுக்குழல் எளிதில் சுருங்குகிறதா என்று பார்க்கும் மெத்தகோலின் சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற சாதாரண ஊதிப் பார்க்கும் சோதனை நார்மலாக வந்தவருக்கு மெத்தகோலின் சோதனையில் ஆஸ்துமா தெரியவருவது உண்டு. போகும்போது எந்த நாட்டில் எத்தனை மாதம் இருந்தீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். வெளி மருத்துவர்களில் பலருக்கு எரிகுழி என்றால் என்னவென்றே தெரியாது.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை எது?

மனு செய்யப் போகிறேன் என்று தெரிவிக்கும் படிவம், எண் 21-0966. இதை இன்றே செய்யுங்கள். இணையத்தில் மனுவை நிரப்பத் தொடங்கினாலே அந்தத் தேதி பதிவாகிவிடும், தொலைபேசியிலும் சொல்லலாம். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு மனுவைத் தந்தால், இழப்பீட்டை அந்த முதல் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள்.

காகிதம் சேர்த்து முடித்துவிட்டு மனு போடலாம் என்று எட்டு மாதம் காத்திருந்தவர் எட்டு மாதப் பணத்தை இழக்கிறார். 60 சதவீதம் கிடைக்கக்கூடியவருக்கு, 2025ஆம் ஆண்டு விகிதப்படி, அது 11,000 டாலருக்கு மேல். ஒரு வருடக் கெடுவை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 366ஆம் நாள் போட்டால் அந்தத் தேதி செல்லாது.

மனுவோடு என்னென்ன வைக்க வேண்டும்?

மனுப் படிவம் 21-526இஇசட். அதோடு டிடி-214 என்ற விடுவிப்புச் சான்று. அதில் 18ஆம் கட்டத்தைப் பாருங்கள்: எந்த நாட்டில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அங்கேதான் இருக்கும். இருந்தால் உங்கள் இடச் சான்று முடிந்தது. தேசியக் காவல்படை, ரிசர்வ் வீரர்களுக்கு ஒவ்வொரு அழைப்புக்கும் தனி டிடி-214 இருக்கலாம், எல்லாவற்றையும் எடுங்கள்.

நாட்டின் பெயர் இல்லையென்றால் வேறு காகிதங்கள் உதவும். பயண உத்தரவு, அபாயப் படி வந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, இராக் அல்லது ஆப்கானிஸ்தான் போர்ப் பதக்கம், பணி மதிப்பீட்டு அறிக்கை. தற்காலிகப் பணியாக மூன்று வாரம் போய்வந்த விமானப்படையினர்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களின் டிடி-214இல் அந்தப் பயணம் ஏறியிருக்காது. பயணச் செலவுச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் விடாதீர்கள்.

மருத்துவப் பக்கத்தில் நோயின் பெயரும் கண்டறிந்த தேதியும் உள்ள குறிப்பு, சோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு. தனியார் மருத்துவமனையில் பார்த்திருந்தால் பதிவுகளை நீங்களே வாங்கி இணைப்பது நல்லது. படிவம் 21-4142இல் கையெழுத்திட்டால் வி.ஏ. கேட்டு வாங்கும்தான், ஆனால் மருத்துவமனை பதில் போடாமல் விட்டுவிட்டால் அந்தச் சான்று இல்லாமலே முடிவு வந்துவிடும்.

திரும்பி வந்தபோது நிரப்பிய டிடி-2796 உடல்நல வினாத்தாளையும் தேடிப் பாருங்கள். குப்பை எரியும் புகை பற்றிய கேள்வி அதில் உண்டு. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டவர்கள் ஏராளம். போட்டிருந்தாலும் பட்டியல் நோய்களுக்கு அது உங்களைக் கெடுக்காது. இடமும் நோயும் போதும்.

உடன் இருந்தவரின் வாக்குமூலம் எப்படி இருக்க வேண்டும்?

படிவம் 21-10210. மருத்துவக் கருத்து எதுவும் அதில் வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "அவர் ரொம்பக் கஷ்டப்பட்டார், நல்ல மனிதர்" என்பதால் பயனில்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"2008 மார்ச் முதல் நவம்பர் வரை நானும் அவரும் பலாத் தளத்தில் ஒரே கூடாரத்தில் இருந்தோம். குழி அங்கிருந்து பத்து நிமிட நடை. வாரத்தில் நான்கைந்து நாள் புகை கூடாரத்துக்குள் வரும். மே மாதத்துக்குப் பிறகு அவர் இரவில் இருமி எழுந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் ஓட்டத்தில் எனக்கு முன்னால் போனவர், அக்டோபரில் பாதியில் நின்றுவிட்டார்."

தேதி, இடம், தூரம், எத்தனை முறை, முன்பு எப்படி, பின்பு எப்படி. இவ்வளவுதான். மனைவியோ அம்மாவோ எழுதுவதும் செல்லும். வீட்டுக்கு வந்தபின் சைனஸ் தலைவலி வந்து இருட்டறையில் படுத்த நாட்கள், மாதத்துக்கு எத்தனை முறை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படித் தயாராவது?

சி அண்ட் பி பரிசோதனை எனப்படுவது இது. சிகிச்சைக்காக அல்ல, சதவீதம் முடிவு செய்யத் தகவல் திரட்ட. பெரும்பாலும் வி.ஏ.வுக்காக வேலை செய்யும் தனியார் ஒப்பந்த நிறுவனத்திலிருந்துதான் அழைப்பு வரும். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டு, பரிசோதனையைத் தவறவிட்டு, அதனாலேயே நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் வாங்குங்கள்.

உள்ளே பத்து நிமிடம்கூட ஆகாமல் போகலாம். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன மருந்து, எத்தனை வேளை, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்கள், எத்தனை முறை சைனஸ் வந்தது, எத்தனை நாள் ஆன்டிபயாடிக். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் பழக்கத்தில் "நல்லா இருக்கேன்" என்று நம் வாய் சொல்லிவிடும். அங்கே அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

சதவீதத்தை எப்படிப் போடுகிறார்கள்?

ஒவ்வொரு நோய்க்கும் அளவுகோல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்துமாவுக்கு: எப்போதாவது மூச்சுக்குழலை விரிக்கும் இன்ஹேலர் தேவைப்பட்டால் 10 சதவீதம். அந்த இன்ஹேலர் தினமும் தேவை, அல்லது அழற்சி குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறீர்கள் என்றால் 30. வருடத்துக்குக் குறைந்தது மூன்று முறை ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ, அல்லது இளைப்பு கூடி மாதம் ஒருமுறையாவது மருத்துவரிடம் போனால் 60. தினமும் அதிக அளவில் ஸ்டீராய்டு மாத்திரை என்றால் 100. ஊதிப் பார்க்கும் சோதனை எண்களாலும் இதே படிகளை அடையலாம்: எஃப்இவி-1 அளவு (முதல் விநாடியில் ஊதி வெளிவிடும் காற்று, இருக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் என்பது) 71 முதல் 80க்குள் இருந்தால் 10, 56 முதல் 70க்குள் 30, 40 முதல் 55க்குள் 60, அதற்கும் கீழே 100.

இதில் மருந்துச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். சோதனை எண் நன்றாக இருந்தாலும் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதப்பட்டிருந்தால் 30 உறுதி. சிஓபிடிக்கும் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே சோதனை எண்தான் பேசும்.

சைனஸுக்கு: வருடத்தில் மூன்று முதல் ஆறு முறை தலைவலி, வலி, சீழ்ச்சளியோடு வந்தால் 10. ஆறுக்கு மேல் என்றால் 30. மருத்துவர் படுக்கச் சொல்லி நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் தந்த முறைகள் வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தாலும் 30. மூக்கழற்சிக்கு: இரு பக்கமும் பாதிக்கு மேல் அடைப்பு, அல்லது ஒரு பக்கம் முழு அடைப்பு என்றால் 10, மூக்கினுள் சதை வளர்ந்திருந்தால் 30.

ஆறு முறையா ஏழு முறையா என்பதில் 10க்கும் 30க்கும் வித்தியாசம் வருகிறது. அதனால் சைனஸ் வரும் ஒவ்வொரு முறையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பழைய டைரியோ கைபேசிக் குறிப்போ, எதுவானாலும் சரி.

30, 30, 10 கிடைத்தது. கூட்டினால் 70 வர வேண்டும், 60 என்கிறார்களே?

கூட்டல் இல்லை. முதல் 30ஐக் கழித்தால் உங்களிடம் மீதி 70 சதவீத உடல்நலம். இரண்டாவது 30 அந்த 70இல் 30 பங்கு, அதாவது 21. ஆக 51. மீதி 49இல் 10 பங்கு 4.9. ஆக 56. அதைப் பத்தின் மடங்காக்கினால் 60. தவறேதும் இல்லை.

இன்னொரு விதியும் பலரைத் திகைக்க வைக்கிறது. நுரையீரல், மூச்சுக்குழாய் நோய்களை ஒன்றோடொன்று சேர்க்க மாட்டார்கள். ஆஸ்துமாவும் சிஓபிடியும் இருந்தால் இரண்டில் அதிகம் பாதிக்கும் ஒன்றுக்குத்தான் சதவீதம். தூக்கத்தில் மூச்சுத் தடையும் இதே கூட்டத்தில் அடங்கும். சைனஸும் மூக்கழற்சியும் இந்தக் கூட்டத்தில் இல்லை. அதனால்தான் அவற்றைத் தனியாக எழுதச் சொன்னோம்.

2025இல் தனி ஆளுக்கு மாதம்: 10 சதவீதத்துக்கு 175.51 டாலர், 30க்கு 537.42, 60க்கு 1,395.93, 100க்கு 3,831.30. 30 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மனைவி, குழந்தை, உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சேர்த்துக் கூடும். வருமான வரி கிடையாது. விகிதம் ஒவ்வொரு டிசம்பரிலும் விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்படும்.

புற்றுநோய் என்றால்?

நோய் உயிர்ப்போடு இருக்கும்வரையும் சிகிச்சை நடக்கும்வரையும் 100 சதவீதம். கீமோ, கதிர்வீச்சு, அறுவை முடிந்து ஆறு மாதம் ஆனபின் கட்டாயப் பரிசோதனை. புற்று திரும்பவில்லை என்றால் மிச்சமிருக்கும் பாதிப்புக்குத் தகுந்தபடி மாற்றுவார்கள். அந்தப் பரிசோதனையில் "புற்று போய்விட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். மரத்துப்போன விரல்கள், விழுங்க முடியாமை, தழும்பு, சோர்வு எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களின் மனுவை முன்னுரிமையில் எடுப்பார்கள். மருத்துவர் கடிதத்தோடு அதைக் கேட்க வேண்டும், தானாக நடக்காது.

நான் சிகரெட் பிடித்தவன். மனுவே போடக் கூடாதா?

தாராளமாகப் போடலாம். பழக்கம் இருந்தது என்பது மட்டுமே மனுவை முடித்துவிடாது. பரிசோதனையில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால், பழைய பதிவில் அது இருக்கும். அதன்பின் உங்கள் மற்ற வார்த்தைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் நோய் பட்டியலில் இல்லை. வழி இருக்கிறதா?

இரண்டு வழி. முதலாவது நேரடி இணைப்பு. நோய்க்கும் பணிக்கும் தொடர்பிருக்க "இல்லாததைவிடக் குறையாத வாய்ப்பு" உண்டு என்று மருத்துவர் எழுத வேண்டும். ஐம்பதுக்கு ஐம்பது போதும். சந்தேகம் சரிபாதியாக நின்றால் அது உங்கள் பக்கம் சாய வேண்டும் என்பது சட்டம். மருத்துவர் "இருக்கலாம்", "சாத்தியமே" என்று எழுதினால் அது நிற்காது. ஏன் அப்படி நினைக்கிறார் என்ற காரணமும் கடிதத்தில் வேண்டும். ஒரே வரியில் முடிவு மட்டும் சொன்ன கடிதங்கள் தோற்றுப்போகின்றன. நச்சு அபாயமுள்ள பணியில் இருந்தது பதிவில் தெரிந்து, ஏற்கெனவே கிடைத்த சான்று போதாது என்றால், பரிசோதனையும் மருத்துவக் கருத்தும் வி.ஏ.வே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஏற்கப்பட்ட நோயால் வந்த நோய். ஆஸ்துமாவுக்குத் தின்ற ஸ்டீராய்டால் சர்க்கரை வந்தது என்றால் அது இரண்டாம்படி இணைப்பு.

முன்பே நிராகரித்துவிட்டார்கள். மறுபடி போடலாமா?

2022க்கு முன் நிராகரிக்கப்பட்டு, நோய் இப்போது பட்டியலில் இருந்தால் கட்டாயம் போடுங்கள். படிவம் 20-0995, துணை மனு. சட்டம் மாறியதே போதுமான காரணம். வி.ஏ. தானாக உங்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்க்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

தேதி விஷயத்தில் ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சட்டம் வந்த நாளிலேயே உங்களுக்கு அந்த நோய் இருந்து, இன்றுவரை தொடர்ந்தால், மனுப் போட்ட நாளுக்கு ஒரு வருடம் பின்னோக்கிப் பணம் கேட்கலாம். முடிவுக் கடிதத்தில் தேதியைச் சரிபாருங்கள்.

இப்போது நிராகரித்தால்?

கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று வழிகளில் ஒன்றை எடுங்கள். பழைய தேதி கைவிட்டுப் போகாது. புதுச் சான்று இருந்தால் துணை மனு. சான்று எல்லாம் கோப்பிலேயே இருக்கிறது, அதிகாரி கவனிக்கவில்லை என்றால் மூத்த அதிகாரி மறுஆய்வு, படிவம் 20-0996. இதில் புதிதாக எதுவும் சேர்க்க முடியாது, ஆனால் தொலைபேசியில் பிழையைச் சுட்டிக்காட்ட நேரம் கேட்கலாம். மூன்றாவது முறையீட்டு வாரியம், படிவம் 10182. காலம் அதிகம் பிடிக்கும்.

எது என்று முடிவெடுக்குமுன் கடிதத்தில் என்ன குறை சொல்லியிருக்கிறார்கள் என்று படியுங்கள். நோய் கண்டறியப்படவில்லை என்றிருந்தால் மறுஆய்வு கேட்டுப் பயனில்லை. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பதிவேட்டில் பெயர் கொடுத்திருக்கிறேன். அது போதாதா?

2014இல் தொடங்கிய எரிகுழிப் பதிவேடு ஆராய்ச்சிக்கானது. அது மனு அல்ல. அதில் பெயர் இருப்பதால் ஒரு டாலர்கூட வராது. வி.ஏ. மருத்துவமனையில் ஐந்து பத்து நிமிடத்தில் கேட்கும் நச்சுப் பாதிப்புக் கேள்விகளும் அப்படியே. ஆனால் அதைச் செய்துகொள்ளுங்கள், மருத்துவப் பதிவில் ஏறும். 2024 மார்ச் 5 முதல், பணியில் நச்சுக்கு ஆளானவர்கள் இழப்பீட்டு மனு போடாமலே வி.ஏ. மருத்துவச் சேவையில் சேரலாம்.

யாரிடம் உதவி கேட்பது? எவ்வளவு பணம் கேட்பார்கள்?

முதல் மனுவுக்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இலவசமாகச் செய்து தருவார்கள். வழக்கறிஞர் கட்டணம் வாங்குவது முதல் முடிவு வந்தபின் முறையீட்டுக்கு மட்டுமே. "100 சதவீதம் உறுதி, வரும் உயர்வில் ஐந்து மாதப் பணம் எங்களுக்கு" என்று கேட்கும் நிறுவனங்களிடம் வங்கி விவரமோ வி.ஏ. கணக்கின் கடவுச்சொல்லோ கொடுக்காதீர்கள். வி.ஏ. இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அவர் இறந்துவிட்டார். குடும்பம் கேட்கலாமா?

கேட்கலாம். பட்டியல் நோயால் இறந்திருந்தால், அவர் உயிரோடிருந்தபோது மனுவே போடாதிருந்தாலும், துணைக்கு மாதாந்தர உதவித்தொகை உண்டு. படிவம் 21பி-534இஇசட். இறந்த ஒரு வருடத்துக்குள் போட்டால் இறந்த மாதத்திலிருந்தே கணக்கு. அவருடைய மனு நிலுவையில் இருந்தால் அதே ஒரு வருடத்துக்குள் அவரிடத்தில் நீங்கள் நின்று நடத்தலாம். இறப்புச் சான்றில் காரணம் "மாரடைப்பு" என்று மட்டும் இருந்து, உண்மையில் நுரையீரல் புற்று முற்றி இறந்தவர் என்றால், மருத்துவரிடம் சொல்லிச் சான்றைத் திருத்தக் கேளுங்கள். இது ஒன்றில் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைகின்றன. முன்பு நிராகரிக்கப்பட்ட விதவைகளும் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

நான் படைவீரன் அல்ல. தளத்தில் சமையல், துப்புரவு வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளி. எனக்கு?

இந்தியா, இலங்கை, நேபாளத்திலிருந்து போய் அந்தத் தளங்களில் சாப்பாட்டுக்கூடத்திலும் சலவையிலும் குப்பை வண்டியிலும் வேலை பார்த்தவர்கள் அதே புகையைத்தான் சுவாசித்தார்கள். பாக்ட் சட்டம் அவர்களைத் தொடவில்லை. வி.ஏ.விடம் மனு போட்டால் திரும்பி வரும்.

அவர்களுக்கு டிஃபென்ஸ் பேஸ் சட்டம் இருக்கிறது. அமெரிக்க அரசு ஒப்பந்தத்தில் வெளிநாட்டில் வேலை செய்தவர் எந்த நாட்டவரானாலும், வேலையால் வந்த நோய்க்கு அது பொருந்தும். நடத்துவது அமெரிக்கத் தொழிலாளர் துறை, பணம் தருவது முதலாளியின் காப்பீட்டு நிறுவனம். இங்கே அனுமானப் பட்டியல் கிடையாது, மருத்துவர் கடிதம் வேண்டும். நோய் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அறிவிப்பு, எல்எஸ்-201. இரண்டு வருடத்துக்குள் மனு, எல்எஸ்-203. வேலைக்கு எடுத்தது உள்ளூர் ஏஜென்ட் என்றாலும், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை, கூட வேலை பார்த்தவரின் வாக்குமூலம் ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். வழக்கறிஞர் கட்டணத்தைத் துறையோ நீதிபதியோ அனுமதிக்க வேண்டும். முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்றுத் தமிழ்நாட்டில் இருக்கிறேன். இங்கிருந்து மனு போட முடியுமா?

முடியும். இழப்பீட்டுக்கு நீங்கள் வசிக்கும் நாடு தடையில்லை. வெளிநாட்டில் இருப்பதைத் தெரிவித்து, இங்குள்ள முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சரியாகக் கொடுங்கள், பரிசோதனைக்கு இங்கேயே ஏற்பாடு செய்வார்கள். உள்ளூர் மருத்துவமனைப் பதிவுகள் தமிழிலோ கையெழுத்துச் சீட்டாகவோ இருந்தால் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மருத்துவர் முத்திரையோடு வாங்குங்கள். நோய் ஏற்கப்பட்டபின், அந்த நோய்க்கான சிகிச்சைச் செலவை வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தில் திரும்பப் பெறலாம். பதிவுப் படிவம் 10-7959எஃப்-1. ஏற்கப்படாத நோய்களுக்கு அதில் பணம் வராது, அதனால் மருத்துவமனையில் பில் போடும்போதே எந்த நோய்க்கு எந்த மருந்து என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.